ஒத்தை சீட் வண்டி

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்து நின்ற தனப்பிரியா, உட்கார இடம் தேடினாள். சீட் இருந்த இடத்தில் கறுப்புத் தகரம் ஒன்று வளைந்து டயரை மூடியிருந்தது. அதில் ஒரு பூனை வேண்டுமானால் உட்காரலாம்.

"ஏனுங்க, நான் எங்கீங்க உக்கார்றது?"

"இது ஒத்தை சீட் தனம்," என்றான் வேலுமணி, ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே. "க்ரூஸர் வண்டிக்கு இதுதான் லுக்கு. மாதேஷ் சொன்னான்."

"மாதேஷ் வந்து என்னைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போவாருங்களா?"

"நீ மினி பஸ்ல போயிரு. நான் பின்னாலயே வாரேன்."

அவள் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறப் போனாள். ஒன்றும் சொல்லவில்லையே என்று வேலுமணி சந்தோஷப்பட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன ஒருவன் அதற்குச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

புதுச்சத்திரம் பக்கம் அவனுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. தீவனம், மருந்து, வியாபாரி எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கி வண்டியேற்றும் வரை தனப்பிரியாவின் பொறுப்பு. அவளுக்கு உதவி பொன்னாயி. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சேலத்து பைக் குழு ஆட்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போனதில் ஆரம்பித்தது வினை. அங்கே எடுத்த போட்டோவில் அவன் வண்டி மட்டும் பால்காரர் வண்டி மாதிரி தெரிந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வண்டிகளை மாற்றிக் கட்டிக்கொடுக்கும் மாதேஷிடம் போனான். முதலில் பின்சீட் போயிற்று. பிறகு உயரமான ஹேண்டில்பார் வந்தது. அப்புறம் பின்னால் ஒரு தடித்த டயர். கடைசியாக, சைலன்சர்.

"காத்து நல்லா உள்ள போயி நல்லா வெளிய வந்தாத்தானுங்ணா பவரு," என்று மாதேஷ் ஸ்டார்ட் செய்து காட்டினான். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தோடு பண்ணைக்குள் நுழைந்தபோது வேலுமணிக்கு ரோமம் சிலிர்த்தது. இரண்டு நாள் கழித்துத் தனப்பிரியா சொன்னாள்.

"அட்டை குறையுதுங்க."

"ஏன்?"

"எனக்கென்னங்க தெரியும்? கோழியைத்தான் கேக்கோணும்."

கோழியைக் கேட்க முடியாததால் கால்நடை டாக்டர் மைதிலிக்குப் போன் போட்டான்.

"சத்தத்துக்குக் கோழி மிரளும், மிரண்டா முட்டை குறையும்," என்றார் டாக்டர். "அங்க புதுசா ஏதாவது சத்தம் இருக்குங்களா?"

வேலுமணி வண்டியைப் பார்த்தான். "லாரி போகுதுங்க டாக்டர்."

"லாரி எப்பவும் போறதுதானேங்க."

மறுநாளிலிருந்து என்ஜினை அணைத்துவிட்டுத் தார் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனான். தடித்த டயர் மண்ணில் புதைந்தது. ஹேண்டில்பார் தலைக்கு மேல் இருந்ததால், போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி இரண்டு கையையும் தூக்கியபடி தள்ள வேண்டியிருந்தது. வேப்பமரத்துக் கிளையில் வண்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு தடவை வண்டியோடு சாய்ந்தான்.

"வண்டி ரிப்பேருங்களா சாமி?" என்று பொன்னாயி ஓடிவந்து தூக்கிவிட்டாள்.

"ரிப்பேரெல்லாம் இல்ல. ஸ்டைலு."

தனப்பிரியா வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆற்றிக் குடித்த நிதானம் அவனுக்கு என்னவோ போல இருந்தது.

"இன்னைக்கு இன்னும் குறைஞ்சுபோச்சுங்க," என்றாள்.

தார் ரோட்டில் ஸ்டார்ட் செய்தாலும் கோழிக்குக் கேட்கிறது போல. மாதேஷிடம் யோசனை கேட்டான்.

"சத்தம் பழகலீங்ணா, அதான். பழக்கி உட்டுட்டா அதுகளே தலையாட்டும்."

மாதேஷே சைலன்சர் சத்தத்தைப் போனில் பதிந்து கொடுத்தான். வேலுமணி கோழிக் கூண்டு வரிசைக்கு நடுவில் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஓடவிட்டான். கோழிகள் கழுத்தைச் சாய்த்து ஒரு தரம் பார்த்தன. அப்புறம் தீவனத்தைக் கொத்தப் போய்விட்டன.

"பாருங்க டாக்டர், மிரளவே இல்லீங்க," என்று போனில் சொன்னான்.

"வெளிய தெரியாதுங்க. மனசுக்குள்ள மிரளும்," என்றார் டாக்டர்.

அரை மணி நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து முருகானந்தம் வேகுவேகென்று வந்தார். கையில் காலிக் குடம்.

"எத்தனை அடி போயிருக்குது மாப்ள? தண்ணி வந்துருச்சா?"

"என்னதுங்க?"

"போர் வண்டி ஓடுதே. சொல்லாமப் போர் போடறயே, எங்க கெணத்துத் தண்ணி என்னாவறது?"

அது கோழிக்குப் போட்ட பாட்டு என்று புரியவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. முருகானந்தம் நம்பினாரா என்று தெரியவில்லை. போகும்போது எல்லா மூலையிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று தனப்பிரியா உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு வரிசை அட்டையவே காணோமுங்க."

வாடிக்கை வியாபாரி வேலுமணியை இரண்டு தரம் கூப்பிட்டு, முட்டை பத்தவில்லை, வேறு பண்ணை பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். அப்பா காலத்திலிருந்து வருகிற ஆள். வரும் ஞாயிறு கொல்லிமலைக்கு வரவில்லை என்று சேலத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டு, மாதேஷ் கடைக்குப் போனான்.

"எல்லாத்தையும் கழட்டு. பழையபடி மாத்து."

"அண்ணா, அப்பறம் எல்லார் வண்டி மாதிரி வெறும் கம்பெனி லுக்காயிருமுங்ணா," என்று மாதேஷ் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான்.

"உனக்குக் கோழி இல்ல. மாத்து."

பழைய சைலன்சரோடு வீடு திரும்பும்போது வண்டி முணுமுணுத்துக்கொண்டு வந்தது. காற்றுச் சத்தம் கூடக் கேட்டது. முன்பெல்லாம் இந்த ரோட்டில் தனப்பிரியா பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள். பாதி காதில் விழாது. விழாத இடத்திலும் அவன் "ஆமாமா" போடுவான். ஒரு மாதமாக யாருக்கும் ஆமாமா போடவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. வழியில் ஒரு பூக்கடையில் நிறுத்தி, இரண்டு முழம் மல்லிகை வாங்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டான்.

வாசலில் வண்டியை நிறுத்தி, மல்லிகையைக் கையில் எடுத்துக்கொண்டு குரல் கொடுத்தான். "தனம், கெளம்பு. பின்சீட் போட்டாச்சு. டவுனுக்குப் போயிட்டு வரலாம்."

தீவன ரூமுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு ஸ்கூட்டர் வெளியே வந்தது. புத்தம் புதுசு, மாலை கூடக் கழற்றவில்லை. ஓட்டி வந்தவள் தனப்பிரியா.

"அக்கா ஊட்டுக்கு, ராசிபுரம் வரைக்கும் போயிட்டு வாரேனுங்க. தோசை மாவு இருக்குது, சுட்டுக்கோங்க." மல்லிகையை அவன் கையிலிருந்து எடுத்துத் தன் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டாள். "உங்க வண்டி இப்பத்தான் பாக்க நல்லாருக்குதுங்க."

ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போயிற்று.

வேலுமணி அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அட்டை அடுக்கிக்கொண்டிருந்த பொன்னாயியிடம் திரும்பினான்.

"முட்டையே இல்லாத இந்த நேரத்துல, இவ எப்படிங்கக்கா ஸ்கூட்டர் வாங்குனா?"

பொன்னாயி கையிலிருந்த அட்டையை வைத்துவிட்டு அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கோழிக எப்பவும்போலத்தான் வெச்சுதுங்க சாமி, அம்மிணிதான் தெனமும் கொஞ்சம் அட்டைய அந்த ஸ்கூட்டருக்குன்னு ஒதுக்கி வித்துட்டு வந்தாங்க."