பிரேக் நைனாவின் வலது கால்

உலகத்தில் கார் ஓட்டியவர்களிலேயே பிரேக்கை அவ்வளவு காதலித்தவர் எங்கள் ராயபுரம் பிரேக் நைனா ஒருவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

துறைமுகத்தில் இருபது வருஷம் கிரேன் ஓட்டியவர். சரக்கு அந்தரத்தில் தொங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே கூடாது. "கீய ஆளு நிக்கிறாம்ப்பா. நான் காலை எடுத்துட்டா அவன் பொண்டாட்டிக்கு இன்னா பதில் சொல்றது?" என்பார். நியாயம்தான். ஆனால் 1970-களில் குடும்பத்துக்கென்று ஒரு பழைய கார் வாங்கினார் பாருங்கள், அதிலும் அதே கதைதான். ஒரே பாதத்தால் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பார். அவ்வளவு பெரிய பாதம்!

ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி பிலோமினா அக்கா, இரண்டு பெண்கள் எல்லோரும் எண்ணூர் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். மாடியில் குடியிருந்த குமாஸ்தாவான என்னையும் ஏற்றிக்கொள்வார், வண்டி நின்றால் தள்ளுவதற்கு. திருவொற்றியூர் தாண்டும்போது கருகிய நாற்றம் குப்பென்று அடிக்கும். "ஃபேக்டரி நாத்தம்ப்பா, கண்ணாடிய ஏத்து" என்பார் நைனா. ஆலைகள் நிறைந்த அந்த ஏரியாவில் இதை யார்தான் நம்பமாட்டார்கள்?

கோடை விடுமுறையில் ஏற்காட்டில் இருந்த அக்காவின் தங்கை வீட்டுக்குப் போனோம். திரும்பி இறங்கும்போது பாதி மலையில் அதே நாற்றம்.

"ஏய்யா, இங்க எங்க கீது ஃபேக்டரி?" என்றார் அக்கா.

நைனா வளைவில் பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரைக்கும் போயிற்று. "பிலோமி, மிதிச்சா ஒண்ணுமே இல்லடி" என்றார் மெதுவாக.

பெண்கள் அலறினார்கள். நான் மூன்று மதத்துக் கடவுள்களையும் கூப்பிட்டேன். நைனா மட்டும் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைத்தார், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார், மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசவிட்டார். கதவுப்பிடி போயிற்று, விளக்கு போயிற்று. வண்டி நின்றது.

பின்னால் வந்த லாரிக்காரர் சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "ஏனுங்க, கால எடுக்கவே மாட்டீங்களா? சூட்டுல பிரேக் ஆயிலே கொதிச்சுப்போச்சுங்க. ஆறினாத்தான் புடிக்கும்."

அக்கா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நீயும் உன் காலும்! இனிமே இந்த வண்டில நான் குந்தமாட்டேன்." பெண்களோடு பஸ் ஏறிப் போயே போய்விட்டார்.

நைனாவுக்குக் கதவுப்பிடி போனதில் வருத்தமில்லை. "அவ முன்னாடி குந்தணும்னு வாங்குன வண்டிப்பா. அவ இல்லாம எனக்கு இன்னாத்துக்கு? இந்தக் காலைத் திருத்திக் காட்றேன், பாரு."

மறுநாள் பிரேக் பெடலில் பலாப்பழத் தோலைக் கட்டினார், முள் மேலே இருக்கும்படி. செருப்பைக் கழற்றி வீசினார். பாதம் பழைய ஞாபகத்தில் சாய்ந்தால் சுருக்கென்று குத்தும். நிஜமாகவே நிறுத்த வேண்டிய இடத்தில் மிதித்துத்தானே ஆக வேண்டும்? "மாதாவே!" என்ற அலறல்தான் அந்த வண்டிக்கு ஹாரன். தெருவே சிரித்தது. மனுஷன் விடவில்லை. மூன்று மாதம்! நொண்டிக்கொண்டேதான் கிரேன் ஏறினார்.

ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து ஒருநாள் அக்கா சொன்னார்: "சரி. அதே மலை, அதே எறக்கம். நாத்தம் வந்துச்சுன்னா நடுவுலயே எறங்கிடுவேன்."

போனோம். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர். வளைவில் மிதிப்பார், உடனே எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் "எட்றா, எட்றா" என்று தன் காலையே அதட்டினார். அக்கா மூச்சை இழுத்து இழுத்து மோந்துகொண்டே வந்தார்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. "ஒரு நாத்தமும் இல்லய்யா" என்று அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். நைனா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதார்.

இப்போது நைனா இல்லை. எந்த வண்டியில் எந்த இறக்கத்தில் இறங்கினாலும் என் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தானாகத் தரையை அழுத்துகிறது. எடுக்க எனக்கு மனசே வருவதில்லை.