சட்டையில் அகப்பட்ட எண்ணெய்

அன்புள்ள அத்தானுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதுதான் என் தொழில். அதில்தான் இப்போது சிக்கல்.

உங்கள் டயர் கடைக்கு ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த வேலையை எனக்குத் தர முடியுமா?

காரணம் சொல்லிவிடுகிறேன். இங்கே எண்ணெய் தேடிக் கிணறு தோண்டுகிறோம். அடியில் இருப்பதை யாரும் போய்ப் பார்த்ததில்லை. சேற்றோடு மேலே வரும் கல்தூளில் ஒரு கரண்டி எடுத்துக் கழுவி, புற ஊதா விளக்கின் கீழே வைப்பேன். எண்ணெய் இருந்தால் மஞ்சளாக ஒளிரும். சட்டியைத் திறக்காமலே குழம்பில் உப்புச் சரியா என்று சொல்லும் வேலை.

போன வாரம் ஒளிர்ந்தது. நான் ஓடிப்போய்ச் சொல்ல, மேலாளர் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல, அவர்கள் காமிராவோடு வந்து இறங்கி வரிசையாக என் கையைக் குலுக்க, நான் அடக்கமாகத் தலைகுனிந்தபடி இன்னொரு முறை விளக்கைப் போட்டுக் காட்டினேன். தூள் ஒளிர்ந்தது. என் சட்டைக் கையும் ஒளிர்ந்தது. டீக் கோப்பையும். மேலாளரின் வலது கையும். குழாய்களைத் திருகி இணைக்கும்போது மரையில் தடவும் கிரீஸ், அத்தான். அதுதான் தூளிலும் கலந்திருந்தது. அன்று என்னோடு கை குலுக்கிய அத்தனை பேரிடமும் எண்ணெய் இருந்தது. கிணற்றில் மட்டும் இல்லை.

"ஏம்பா, எண்ணெய் கிணத்துல இருக்கா, உன் சட்டையில இருக்கா?" என்றார் மேலாளர்.

"சட்டையிலதான் சார்."

"அப்ப உனக்கே குழாய் போட்டு எடுத்துடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கிணற்றை சிமெண்ட் ஊற்றி மூடப்போகிறார்கள். அடியில் இன்னொரு மணற்கல் அடுக்கு உண்டு. அதில் தண்ணீர்தான் என்று முன்பே சொல்லியிருந்தேன். "இவ்வளவு தோண்டியாச்சு, அதையும் திறந்து பாத்துட்டு மூடுவோம்" என்கிறார் மேலாளர். என் பேச்சை இனி நம்பப்போவதில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

யோசித்துப் பார்க்கிறேன். ஒளி இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. எங்கிருந்து வந்த ஒளி என்று கேட்கத்தான் மனம் வரவில்லை. டயரில் காற்று இல்லையென்றால் இல்லை. அதை யாரும் நம்ப வேண்டியதில்லை. அப்படியொரு இடத்தில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவளுக்கு என் அன்பு. உங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கூப்பிட்டார்கள். கடைக்கு வேறு ஆள் பாருங்கள். அடி அடுக்கைத் திறந்ததும் எரிவாயு. நான் தண்ணீர் என்ற அதே இடம். வரும் வாயுவைக் கொளுத்திவிடும் எரிகுழாயில் தீ இரைகிறது. பக்கத்தில் நின்று பேச முடியவில்லை. இது எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று அறிய இன்னும் கிணறுகள் வேண்டுமாம். மேலாளர் வரைபடத்தை விரித்தார்.

"அடுத்தது எங்கப்பா?"

"சார், நான் சொன்னது ரெண்டுமே தப்பு."

"தெரியும். வேற யாரு இருக்கா இங்க? சொல்லு."

விரலை வைத்தேன். கொஞ்சங்கூட நடுங்கவில்லை, அத்தான். அதுதான் பயமாக இருக்கிறது.