பூஜ்யமாவது வலிப்பு

ஓய்வுபெற்ற நாளில் பழைய பிரிவுத் தலைவர் ஒரு வாசகம் சொன்னார். "படிவத்துல இல்லாதது..." என்று ஆரம்பித்தது. "உலகத்துலயே இல்லை" என்று முடித்தாரா, "நம்ம பொறுப்பில்லை" என்று முடித்தாரா என்பது மினெகிஷிக்கு நினைவில்லை. அரிசி மது மூன்றாவது சுற்றில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், மினெகிஷியும் தட்டினார். எதுவாக இருந்தாலும் அதன்படிதான் பதினெட்டு வருஷம் நடந்துகொண்டார்.

ஹயாசே நகராட்சியின் வீட்டு விலங்கு நலப் பிரிவுக்கு அவர் துணைத் தலைவர். போன வருஷம் அந்த ஊரைச் சிபிடி எண்ணெய் மோகம் பிடித்து ஆட்டியது. கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, போதை கிடையாது. காபியில் விட்டுக் குடித்தார்கள். தலையணையில் தெளித்துத் தூங்கினார்கள். நாய்க்கு முடி வெட்டும் கடையில், வெட்டுவதற்கு முன் நாய்க்கு ஒரு சொட்டு, பில்லைப் பார்ப்பதற்கு முன் எஜமானிக்கு ஒரு சொட்டு. நகராட்சி சும்மா இருக்குமா? வலிப்பு உள்ள விலங்குக்கு மட்டுமே இனி எண்ணெய், அதற்கும் மாதாமாதம் கண்காணிப்புப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி பிறந்தது.

படிவத்தைப் பெற்றெடுத்தவர் மினெகிஷி. இருபத்தாறு கட்டம், ஒன்பது முத்திரை. கீழ்நிலை ஊழியரின் முத்திரை, மேலதிகாரியின் முத்திரையைக் குனிந்து வணங்குவதுபோல் இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்ற குற்றத்துக்காக நாற்பது படிவங்கள் திரும்பிப் போயிருக்கின்றன.

அப்புறம் அவர் வீட்டுப் பூனைக்கே வலிப்பு வந்தது.

பெயர் ஓக்காரா, சோயா பால் பிழிந்த சக்கையின் நிறம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பாயில் விழுந்தது; வாயில் நுரை தள்ள, நாலு காலும் காற்றில் ஓடின. அவர் மனைவி சிஸுரு சுற்றிலும் மெத்தைகளை அடுக்கிவிட்டு அழுதாள்.

"மாத்திரையோட இந்த எண்ணெயும் காலையும் சாயங்காலமும் குடுங்க" என்றார் மிருக வைத்தியர் உஷிரோதா அம்மாள். "எப்ப வந்துச்சு, எத்தனை நிமிஷம், எழுந்து நேரா நடக்க எவ்வளவு நேரமாச்சு, எல்லாம் குறிங்க. போன்ல படம் பிடிங்க. கல்லீரலுக்கு அப்பப்ப ரத்தம் பாப்போம். உங்களுக்கு எழுதவா சொல்லித் தரணும்?"

முதல் மாதம் ஒன்பது வலிப்பு. அடுத்த மாதம் மூன்று. மூன்றாவது மாதம் ஒன்றுகூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்து மினெகிஷி கண் கலங்கினார்.

எண்ணெய் தீர்ந்த அன்று, அடுத்த புட்டிக்காக அந்த மாதப் படிவத்தோடு வரிசை எண் வாங்கிக்கொண்டு தன் பிரிவின் ஜன்னல் முன்னாலேயே நின்றார். உள்ளே டொகிவா, அவரிடம் வேலை பழகியவள்.

"கட்டம் காலியா இருக்கே, சார்."

"வலிப்பே வரலம்மா."

"காலியா விடக்கூடாது, குறுக்குக் கோடு போடணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

கோடு போட்டார்.

"கோடு போட்டா 'பொருந்தாது'ன்னு அர்த்தம். வலிப்பு பொருந்தாத பூனைக்கு எண்ணெய் தர விதியில்லையே, சார்."

"எண்ணெய் குடுக்கறதாலதான் வரல!"

"அதுக்கு ஆதாரம்?"

"வராததுதான் ஆதாரம்."

"வராததை எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"சரி, பூஜ்யம்னு போடறேன்."

"எண்ணிக்கை போட்டா நேரமும் போடணும். பூஜ்யமாவது வலிப்பு எத்தனை மணிக்கு வந்துச்சு, சார்?"

மினெகிஷி விதியை மனசுக்குள் முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தார். எழுதியவர் அவர்தானே, விதியில் ஓட்டை கிடையாது.

டொகிவாவுக்குப் பாவமாக இருந்தது. "ஒரு வாரம் எண்ணெயை நிறுத்திப் பாருங்களேன். வந்துடும்."

"கடைசியா வந்தப்ப நாலு நிமிஷம் துடிச்சுது. இன்னொரு தடவை எந்திரிக்காமப் போச்சுன்னா?"

"அதுக்குத் தனிப் படிவம், சார். பதினாலாம் நம்பர்."

"மத்தவங்கல்லாம் என்னதான் பண்றாங்க?"

"மத்த பூனைங்க ஒழுங்கா நடந்துக்குதுங்க. நூத்தி எழுபது பூனை, மாசம் ஆளுக்கு ரெண்டு வலிப்பு. எல்லாமே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி."

"எல்லாமேவா?"

டொகிவா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்த மாதிரிப் படிவத்தைக் காட்டினாள். எப்படி நிரப்புவது என்று பொதுமக்களுக்கு உதாரணமாக, மினெகிஷியின் அழகான கையெழுத்தில்: இரண்டு. செவ்வாய், காலை பத்து மணி.

"அப்ப எண்ணெய் யாருக்குமே பலிக்கலன்னு ஆகுதே!"

"ஆமா சார். ஆறு மாசத்துல ஒரு பூனைக்குக்கூடக் குறையல. அதனால ஏப்ரலோட எண்ணெய்க்கே தடை போடப்போறாங்க. அறிக்கை உங்க மேஜையில இருக்கு. உங்க முத்திரை மட்டும்தான் பாக்கி."

பின்னால் வரிசையில் கூடையோடு நின்ற ஒரு பெண்மணி பொறுமை இழந்தாள். கூடைக்குள் கொழுகொழுவென்று ஒரு பூனை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. "ரெண்டுன்னு எழுதிட்டு நகருங்களேன்! படிவம்கூட நிரப்பத் தெரியாம இவரெல்லாம் பூனை வளக்க வந்துட்டாரு."

ஜன்னல் மூடும் ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

மினெகிஷி குறுக்குக் கோட்டை அடித்து, அடித்ததற்கு ஒரு முத்திரை வைத்து, பக்கத்தில் எழுதினார்: இரண்டு. செவ்வாய், காலை பத்து மணி.