அக்கா வீட்டைத் தாண்டிப் போன புள்ளி

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஜனாவுக்கு,

நானும் உமது அக்கா சிவமணியும் உமது மருமகள் தாரிகாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். அதுபோல் ஸ்காபரோவில் நீரும் உமது குடும்பமும் சளி தடிமன் இல்லாமல் சுகமாயிருக்கப் பிள்ளையார் அருள்புரிவாராக. மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி மரியாதை இல்லை. இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் கடதாசியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குழுவை நான் இனி நம்பமாட்டேன். தாரிகா இதைப் படமெடுத்து உமக்கு மட்டும் அனுப்புவாள்.

நீர் தெரிவு செய்து அனுப்பிய ஜிபிஎஸ் கருவியைப் பற்றி எனக்கு ஒரேயொரு முறைப்பாடுதான் இருக்கிறது. அது வேலை செய்கிறது. பழுதாகியிருந்தால் கடைக்காரனைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். மழையில் நனைந்து செத்திருந்தால் இன்னும் நல்லது. அது ஒரு நிமிடமும் ஓயாமல், ஒரு பிழையும் விடாமல் வேலை செய்ததால், வவுனியாவில் இருக்கும் என் தவமலர் அக்கா, என்னைத் தூக்கி வளர்த்த ஒரே அக்கா, வரும் ஆவணியில் நடக்கவிருக்கும் தாரிகாவின் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாரிகா பிறந்த அன்றே, இவளுக்குக் கலியாணத்தில் பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து வாழ்த்துகிற முதற்கை என்னுடையது என்று சொன்னவர் அக்கா. இப்போது என் பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்கப் போவது யார்? வானத்தில் சுற்றுகிற செய்மதியா?

எல்லாம் முறையாகத்தான் தொடங்கியது. காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டில் இருக்கும் நிலாமும் காலையில் காலிமுகத்திடல்வரை சைக்கிள் ஓடிப் பழகினோம் என்பது உமக்குத் தெரியும். பழக்கம் முற்றி, யாழ்ப்பாணம்வரை ஓடுவோம், பஸ்காரர்கள் எங்களை அப்பளமாக்கும் பெருந்தெருவை விட்டுக் குளக்கட்டுகளாலும் வாய்க்கால் ஓரங்களாலும் ஆறுதலாகப் போவோம், நாலைந்து நாட்கள் எடுத்தாலும் பரவாயில்லை என்று தீர்மானித்தோம். அந்தப் பாதைகளில் வழி கேட்டுப் பயனில்லை. யாரைக் கேட்டாலும் 'கெலின்ம யன்ன', நேரே போங்கள், என்று கையை நீட்டுவார்கள். நேரே போனால் குளம் இருக்கும். ஆகவே கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று உம்மைக் கேட்டேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

கேட்டது உம்மை மட்டும்; பதில் சொன்னது உலகத் தமிழர் எல்லோரும். நீர் அதைக் குழுவில் போட்டீர். லண்டன்காரர் கைபேசியே போதும் என்றார். மத்தியான வெயிலில் கைபேசித் திரையில் என் முகம்தான் தெரிகிறது, பாதை தெரிவதில்லை, பாதி வழியில் சார்ஜும் இறங்கிவிடும் என்று விளக்கினேன். மெல்பேண்காரர் பெரிய தொடுதிரை உள்ளதை வாங்கச் சொன்னார். வியர்த்த விரலால் தொட்டால் அனுராதபுரம் கேட்கிறவனுக்கு அது அம்பாறையைக் காட்டும் என்று விளக்கினேன். ஹாண்டிலில் கருவியைப் பிடிக்கும் கவ்வி வாங்கக் கொட்டாஞ்சேனை சைக்கிள் கடை ஒஸ்வால்டிடம் போனால், "இதெல்லாம் என்னத்துக்கு அங்கிள், ரயில் ரோட்டப் புடிச்சிட்டே போனா யாழ்ப்பாணம்தானே" என்று அவனும் தன் பங்குக்குச் சொன்னான். வெயிலில் தெரிகிற திரை, அமத்துவதற்குப் பட்டன், பெட்டிக்கடையிலும் கிடைக்கிற சாதாரண பற்றரி, மழை தாங்குகிற உடம்பு. இவ்வளவுதான் நான் கேட்டேன். வழியை எனக்குக் காட்டு என்று கேட்டேனே தவிர, என்னை ஊருக்குக் காட்டு என்று எங்கேயாவது கேட்டேனா?

நீரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தான், நீங்கள் சொன்னதெல்லாம் இதிலை இருக்கு, மேலதிகமா ஒரு விசேஷமும் இருக்கு. நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு செய்மதியாலை வீட்டுக்காரருக்கும் தெரியும். அக்கா பயப்பிடாமல் இருப்பா" என்று புளுகி, இங்கே வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் போட்டு அனுப்பினீர். பல்கனியில் நின்று முதன்முதலாக அதை இயக்கியபோது ஒன்ராறியோவின் ஏரிகள் எல்லாம் பெயரோடு வந்தன. இலங்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. வெள்ளவத்தையில் நின்றுகொண்டு வெள்ளவத்தை எங்கே என்று தேடிய முதல் மனிதன் நான்தான். தாரிகா கலியாண வேலைகளுக்கிடையில் இலங்கை வரைபடத்தைத் தேடி ஏற்றினாள். ஏற்றியவள், என் இருப்பிடத்தைப் புள்ளியாகப் பார்க்கும் இணைப்பைத் தாய்மாமன் என்ற அன்பில் உமக்கும் அனுப்பினாள். நீர் அதையும் தவமலர் அக்காவரை எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டீர். அந்தக் குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேரை நான் செத்தவீடுகளில் மட்டும்தான் கண்டிருக்கிறேன், மச்சான்!

புறப்பட்ட நாள்முதல் நான் மனிதனில்லை, புள்ளி. சிலாபத்துக்கு அப்பால் வயிறு கலக்கியதால் சைக்கிளோடு ஒரு தென்னந்தோட்டத்துக்குள் ஒதுங்கினேன். திரும்பி வருவதற்குள் குழுவில் விசாரணை தொடங்கிவிட்டது. "புள்ளி அசையேல்லை, விழுந்திட்டாரோ?" என்று லண்டன். "பெருப்பிச்சுப் பாத்தனான், அது தென்னந்தோட்டம். கள்ளுக்குப் போயிருப்பார்" என்று மெல்பேண். மானத்தைக் காப்பாற்ற என் வயிற்றுக்கோளாறை நானே விவரமாக எழுத வேண்டி வந்தது. அதற்குக் குழு முழுவதும் பெருவிரலைத் தூக்கிக் காட்டியது. புத்தளத்தில் உப்பளத்து வரம்பால் ஓடினோம். புள்ளி தண்ணீருக்குள் நிற்கிறது என்று மெல்பேண்காரர் சிவமணிக்குப் போன் எடுத்து ஒப்பாரி வைத்தார். சிவமணி பயந்துபோய் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டார். இங்கே தேங்காய் விற்கிற விலை ஸ்காபரோவில் இருக்கிற உமக்குத் தெரியாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகு வவுனியா வந்தது. இப்போது எழுதப்போவதை ஓர் ஆண்பிள்ளையாக நின்று விளங்கிக்கொள்ளும். தூர ஓட்டத்துக்கென்று விற்கிற இறுக்கமான காற்சட்டை ஒன்று இருக்கிறது, இருக்குமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. நிலாம் அதற்கு மேல் இன்னொரு நீளக் காற்சட்டை போட்டிருந்தார். என்னுடைய மேற்காற்சட்டையைச் சைக்கிள் சங்கிலி தின்றுவிட்டது. அக்கா வீட்டில் தைமாதம் வந்த புது மருமகள் இருக்கிறாள். கதவைத் திறப்பது அவள்தான். அந்தப் பிள்ளைக்கு முன்னால் உரித்த கோழிபோல நின்று "சுகமோ, மோனை?" என்று நான் கேட்பதா? வாசலைத் தாண்டுவதென்று முடிவெடுத்தேன்.

நிலாம் பிறேக் பிடித்தார். "நவா, இது சரியில்ல. அந்த அக்கா பாத்துட்டு இருப்பாங்க. ஒரு எட்டுப் போய்த் தலையைக் காட்டிட்டுப் போவோம்" என்றார்.

"தலையைக் காட்டிறதிலை எனக்குப் பிரச்சினையில்லை, நிலாம். மிச்சத்தை என்ன செய்யிறது? திரும்பி வரேக்கை வேட்டியோடை வந்து ஆறுதலா நிப்பம்" என்றேன்.

கேற்றைத் தலைகுனிந்து தாண்டினோம். அத்தோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். விதி, சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. அக்கா.

"தம்பி, எங்கை நிக்கிறாய்?"

பயத்தில் புள்ளியை மறந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அக்கா, நாங்கள் வேறை பாதையாலை வந்து, இப்ப ஓமந்தை தாண்டியாச்சு."

"ஓமோ? ஓமந்தையிலையும் எங்கடை சந்திக் கடைக்காரன் கடை போட்டிட்டானோ? டேய், உன்ரை புள்ளி எங்கடை சந்தியிலை குந்தியிருக்கு. விடியத் துவக்கம் அந்தப் புள்ளியைப் பாத்துப் பாத்துத்தான் அடுப்பு மூட்டினனான். அனுராதபுரம் தாண்டிட்டான், தேங்காய் துருவு. மதவாச்சி தாண்டிட்டான், இடியப்பத்தைப் பிழி எண்டு மருமேளை நிண்ட நிலையிலை வைச்சிருந்தனான். உன்ரை சிநேகிதனுக்கெண்டு ஹலால் கடையிலை கோழி எடுப்பிச்சு, புதுச்சட்டி வாங்கித் தனியச் சமைச்சு வைச்சிருக்கிறன். நீ என்ரை கேற்றைத் தாண்டிப்போய்க் காசு குடுத்துத் தேத்தண்ணி குடிக்கிறாய். அதுக்கு மேலை பொய் வேறை. குடி தம்பி, நல்லாக் குடி. தாரிகான்ரை கலியாணத்துக்கு நான் வரேல்லை. நானும் கனடாக்காரர் மாதிரிப் புள்ளியிலை பாத்துக்கொள்ளுறன்."

வைத்துவிட்டார். நிலாம் கிளாசைக் கீழே வைத்தார். "புதுச்சட்டி வாங்கினாங்களா, எனக்கா?" என்று கேட்டார். பாதிப் பிளேன்டீயை அப்படியே விட்டு எழுந்தார். உடனே திரும்பிப் போயிருக்கலாமே என்று நீர் கேட்பீர். போனோம். காற்சட்டையாவது மண்ணாங்கட்டியாவது என்று போனோம். கேற் உள்ளுக்குள் பூட்டியிருந்தது. மணியை அடித்தோம், கூப்பிட்டோம், ஒரு குருவி வரவில்லை. குசினிப் பக்கமிருந்து கோழிக்கறி வாசம் மட்டும் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜனா. அறுபது வயது தாண்டியவன், நடுரோட்டில், அந்தக் கோலத்தில்.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு தூரம் ஓடியவனை ஒருவரும் பாராட்டவில்லை. லண்டன்காரர் அக்கா வீட்டையும் தேத்தண்ணிக் கடையையும் படமெடுத்து, இரண்டுக்கும் இடையே சிவப்பு அம்புக்குறி போட்டுக் குழுவில் விட்டிருந்தார். அதற்கும் பெருவிரல்கள். ரயிலில் திரும்பும்போது வேட்டி கட்டி, பழமும் கேக்கும் வாங்கிக்கொண்டு வவுனியாவில் இறங்கினேன். மருமகள் வந்து, "மாமி படுத்திருக்கிறா" என்றாள். உள்ளேயிருந்து அக்காவின் குரல், "படுக்கேல்லை எண்டு சொல்லு" என்றது. அதற்குப் பிறகு அக்கா என் போனை எடுப்பதில்லை. தாரிகாவிடம் நான் தேத்தண்ணி கேட்டால், "கடையிலை குடியுங்கோ அப்பா" என்கிறாள். அழுது சிவந்த கண்ணோடு சொல்கிறாள்.

இதற்கெல்லாம் காரணம் நீர். ஆகவே இன்றே அந்த இணைப்பை மூடும். குழுவிலிருந்தும் அதை அழித்துவிடும். தவமலர் அக்காவுக்குப் போன் எடுத்து, இந்தக் கருவி சுத்தப் பிழை, புள்ளி எப்போதும் ஏழெட்டு மைல் தள்ளித்தான் காட்டும், தம்பி உண்மையிலேயே ஓமந்தையில்தான் நின்றான் என்று உமது வாயால் சொல்லும். பொய்தான். தாய்மாமன் மருமகளுக்காக ஒரு பொய் சொல்லலாம். கருவியை வருகிறவர் யாரிடமாவது திருப்பி அனுப்புகிறேன். பற்றரியைக் கழற்றிவிட்டேன், அதன் பிறகும் நம்பிக்கை வராமல் துவாயால் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். இனி என் வாழ்நாளில் ஜிபிஎஸ் என்ற சொல்லை என்னிடம் உச்சரிக்க வேண்டாம்.

வயதில் மூத்தவன் என்ற கடமை இருக்கிறபடியால், உமக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடியற்ற வாழ்வும், உமது பெயர் கெடாத அளவுக்குப் புத்தியும் உண்டாகட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உமது அத்தானாக இருக்கும்,
நவரத்தினம்.

பி.கு.: தாரிகா படமெடுக்க வருமுன் அக்காவே போன் எடுத்தார். வருவாராம்! ஆனால் ஒரு நிபந்தனை. "கலியாணம் சொல்ல முறைப்படி நேரிலை வா. ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். அதே சைக்கிளிலை, அதே புள்ளியோடை வா. நீ தாண்டிப் போனதை உலகம் பாத்தது. வந்து நிண்டதையும் பாக்கட்டும். சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பும்வரைக்கும் புள்ளி என்ரை வீட்டை விட்டு அசையப்படாது" என்றார். நிலாம் இப்போதே கீழே சில்லுகளுக்குக் காற்றடிக்கிறார். ஆகவே இணைப்பை மூட வேண்டாம். குழுவிலிருந்து அழிக்கவும் வேண்டாம். இன்னும் யாராவது சொந்தக்காரர் விடுபட்டிருந்தால் சேர்த்துவிடும். அக்காவிடம் பொய்யும் சொல்ல வேண்டாம். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நாங்கள் அக்காவின் பூட்டிய கேற்றடியில் நின்ற நேரத்துப் புள்ளியைத் தாரிகா இப்போது பெரிதாக்கிப் பார்த்தாள். அது பக்கத்து வீட்டு வளவுக்குள் நிற்கிறது! கருவி பிழை விடாது என்று மேலே எழுதியது என் பிழை. அந்த வளவுக்காரரோடு அக்காவுக்கு வேலிச் சண்டை. வருடக்கணக்காக முகம் பார்ப்பதில்லை. நான் அக்கா வீட்டில் சாப்பிட்டுப் படுக்க, என் புள்ளி அந்த வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பதை உலகம் பார்த்தால் கலியாணம் அத்தோடு சரி. ஆகையால் மச்சான், உடனடியாக இன்னொரு ஜிபிஎஸ் தெரிவு செய்து அனுப்பும். வெயிலில் திரை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பற்றரி அரைநாள் நின்றாலும் பரவாயில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரிந்ததாக இருந்தால் போதும்.