வெள்ளிச்சாமியாரும் மூன்று கட்டைச் செட்டும்

சங்கரன்கோவில் ரயிலடியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அப்போது கோயிலுக்கு வழி கேட்கவில்லை. வெள்ளிச்சாமியாருக்கு வழி கேட்டார்கள். வாசுதேவநல்லூர் பஸ்ஸில் கூரைமேலும் ஆள். ராயகிரிக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் மாமியாரை ஏற்றி, மாமியார் மடியில் வெள்ளிக் கும்பாவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மாமியாருக்கு முட்டுவலி. கும்பாவுக்கு ஒரு வலியும் இல்லை. ஆனாலும் வண்டி திரும்பிப் போகும்போது அதில் மாமியார் மட்டும்தான் இருந்தாள், முட்டுவலியோடு.

தேரடிக்குப் பக்கத்துக் கொட்டகையில் சாமியார் உட்கார்ந்திருந்தார். இமயமலையிலிருந்து வந்தவர் என்று பேச்சு. இடுப்பில் காவி, மேலே கறுப்புக் கோட்டு. காவி சாமிக்கு, கோட்டு விஞ்ஞானத்துக்கு. எதிரே ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் தண்ணீர். தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கம்பிகள். கம்பிகளிலிருந்து ஒயர் போய், டார்ச் லைட்டுக்குப் போடுகிற பாட்டரிக் கட்டையில் முடிந்தது.

"அன்பர்களே, இது சங்கரக் கம்பி. இது நாராயணக் கம்பி. தனித்தனியே நின்றால் வெறும் உலோகம். மின்சக்தியில் இரண்டும் கூடினால், சங்கரநாராயணரே தீர்த்தமாக இறங்குவார்!"

சிட்டிகை 'ரஜத விபூதி' என்ற வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் தூவினார். கொஞ்ச நேரத்தில் கம்பியைச் சுற்றி வெண்மேகம் கிளம்பியது. தம்ளர் கலங்கிப் பால்போல் ஆனது. கூட்டத்தில் பாதி "ஹரஹர" என்றது, பாதி "கோவிந்தா" என்றது. ஊர் வழக்கப்படி இரண்டும் சரிதான். கோமதியம்மன் மட்டும் கோயிலுக்குள் இருந்தபடி என்ன நினைத்தாளோ, தெரியவில்லை.

வெள்ளித் தீர்த்தம் குடித்தால் வயிற்றுப்புண் ஆறும். தடவினால் சிரங்கு ஆறும். கண்ணில் விட்டால் கண்ணோய் ஆறும். முக்கியமான சங்கதி, இதைச் சாமியாரிடம் வாங்கிக் குடிக்க வேண்டாம். வீட்டிலேயே காய்ச்சலாம்! அதற்குச் செட் வேண்டும். செட்டில் வகைகள் உண்டு.

இந்த இடத்தில்தான் நூல்கடைத் தில்லைநாயகம் பிள்ளைக்குத் தலை கிறுகிறுத்தது.

தில்லைநாயகம் கெட்டவர் இல்லை. சாமான் என்று ஒன்றைக் கண்டால் மதி மயங்குகிறவர், அவ்வளவுதான். ஒரு குடை வாங்கப் போனாலும் கடையிலுள்ள குடையையெல்லாம் விரித்துப் பார்த்து, மழை விட்டபிறகு வீடு வருவார். இப்போது அவர் கையில் ஒரு கட்டைச் செட், இரண்டு கட்டைச் செட், மூன்று கட்டைச் செட் என்று மூன்று வகையைக் கொடுத்தால் என்ன ஆவார்?

"ஒரு கட்டை போதும்வே. ஒரே பரம்பொருள்தானே?" என்றார் பக்கத்துக் கடைச் சங்கரநயினார்.

"எப்படி வே போதும்? சங்கரருக்கு ஒண்ணு, நாராயணருக்கு ஒண்ணு வேண்டாமா?"

"அப்ப மூணாவது யாருக்கு?"

"அம்மாளுக்கு! கோமதியம்மாளை விட்டுட்டு ஊருல குடியிருக்க முடியுமா?"

பிறகு தம்ளர் பேச்சு வந்தது. கண்ணாடியா, பீங்கானா? வாய் அகலமா, ஒடுக்கமா? கம்பியைத் தாங்கப் பித்தளை ஸ்டாண்டா, பலகை ஸ்டாண்டா? இரண்டு பேரும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாதாடினார்கள். நூல் வாங்க வந்தவர்களும் உட்கார்ந்து வாதாடினார்கள். வேலை செய்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எது உசத்தி என்று கேட்கிறபோது அந்தக் கேள்வி யாருக்கு ஞாபகம் வரும்?

கம்பி விஷயத்தில் மட்டும் சாமியார் ஒரே பிடியாக நின்றார். "அந்நிய வெள்ளி ஆகாது. உங்கள் வீட்டு வெள்ளிதான் உங்கள் வீட்டு நோயோடு பேசும். கொண்டுவாருங்கள், உருக்கிக் கம்பியாக நீட்டித் தருகிறோம்."

கொலுசும் அரைஞாணும் குங்குமச் சிமிழும் கொட்டகைக்கு நடந்தன. தில்லைநாயகத்தின் மகள் முத்துமீனாளின் கொலுசும் அவற்றோடு போயிற்று.

மீனாளுக்காகத்தான் இத்தனையும். குழந்தைக்குக் கண் சிவந்து, பீளை தள்ளி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுவரோடு முகத்தைப் புதைத்துக் கிடந்தது. தர்மாஸ்பத்திரி நர்ஸ் கிருபாபாய் வேலை முடிந்து போகிற வழியில் தினமும் வீட்டுக்குள் நுழைந்து சொட்டுமருந்து விட்டுப் போவார். அது அவர் வேலை இல்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. குழந்தை ஆஸ்பத்திரிக்கு வெயிலில் வந்தால் கண் கூசுமே என்று, தானே வந்தார்.

செட் வந்தது. சிவப்புப் பட்டில் சுற்றிய இரண்டு கம்பிகள், மூன்று கட்டைகள், பித்தளை ஸ்டாண்டு, வாயகன்ற தம்ளர். தில்லைநாயகம் அதைக் கூடத்தில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார். கல்யாண மாப்பிள்ளையைக்கூட அப்படி யாரும் பார்த்ததில்லை.

மனைவி பிரம்மநாயகி கம்பியைக் கையில் எடுத்தாள்.

"என்ன இது, காத்துமாதிரி இருக்கு? நம்ம பிள்ளை கொலுசு என்ன கனம் கனக்கும்!"

"நானும் சாமிகிட்ட கேட்டுட்டேன், ஏட்டி. பாவம் நீங்குன வெள்ளிக்கு ஏது கனம்னாரு."

"அப்ப பாவம்தான் நிறைய இருந்திருக்கு. வெள்ளி கொஞ்சந்தான் போல."

"பரிகாசம் பண்ணாத. பாரு, பத்தியம் இருக்கு. புளி ஆகாது. இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது. ஒரு சொட்டுப் பட்டாலும் வெள்ளி கோவிச்சுக்கிடும். முக்கியமா, கம்பியில சுண்ணாம்புக் கை படப்படாது. அதுனால இன்னையிலேருந்து வெத்தலையை விட்டுட்டேன்."

பிரம்மநாயகி நிமிர்ந்து பார்த்தாள். கடவுளே வந்து சொன்னாலும் வெற்றிலையை விடாத மனுஷன்! அவள் இடுப்பில் செருகியிருந்த வெள்ளிச் சுண்ணாம்புச் சிமிழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பிக்கு வெள்ளி கேட்டபோது இதை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

சாயங்காலம் கிருபாபாய் வந்தார். தில்லைநாயகம் வாசலிலேயே கையைக் குவித்தார்.

"சிஸ்டரம்மா, தப்பா நினைக்காதிய. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு முதல் தீர்த்தம். சாமியே விடுதாரு. அதுவரைக்கும் மருந்து வேண்டாம்."

கிருபாபாயின் முகம் வாடிவிட்டது. "அண்ணாச்சி, இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சு வருது. நடுவுல நிறுத்தினா கருவிழியில புண்ணாகி, பூ விழுந்திரும். பூ விழுந்தா பார்வை திரும்பாது. நான் பயங்காட்டலை."

"மூணு கட்டைச் செட்டு, சிஸ்டரம்மா!"

அந்த அம்மாள் மருந்துக் குப்பியைப் பிரம்மநாயகி கையில் கொடுத்துவிட்டு, "நான் ஜெபம் பண்ணுதேன்க்கா. நீங்க யோசனை பண்ணுங்க" என்று சொல்லிப் போனார்.

பிரம்மநாயகி யோசனை பண்ணினாள். அந்த ஊரில் அந்த மாதம் அந்தக் காரியத்தைச் செய்தவள் அவள் ஒருத்திதான் போலும்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் எள் போட்டால் எண்ணெய்தான் விழும். நோயாளிகள் முன்வரிசையில். செட்டுகள் மடியில். ஒரு கட்டைக்காரரை இரண்டு கட்டைக்காரர் ஏளனமாகப் பார்த்தார். இரண்டு கட்டைக்காரரைத் தில்லைநாயகம் பார்க்கவே இல்லை. சாமியார் தம்ளரைக் கலக்கி, தீர்த்தத்தைப் பஞ்சில் நனைத்து, "குழந்தையைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

பிரம்மநாயகி எழுந்தாள். மீனாளைத் தோளிலேயே வைத்துக்கொண்டாள். மறு கையில் ஒரு தூக்குவாளி. அதில் அப்போதுதான் நீற்றிய சுண்ணாம்பு, ஆவி பறக்க.

"சாமி, ஒரு சந்தேகம். என் சுண்ணாம்புச் சிமிழ் வெள்ளி. என் மாமியா காலத்துலேருந்து சுண்ணாம்புலதான் கெடக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகலை. உங்க கம்பிக்கு மட்டும் சுண்ணாம்பு ஏன் ஆகாது?"

சாமியார் புன்னகைத்தார். "தாயே, அது உறங்கும் வெள்ளி. இது விழித்த வெள்ளி."

ஆகா! கொட்டகை கைதட்டியது. தில்லைநாயகம்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். தன் பெஞ்சாதியைத் தோற்கடித்த பதில் என்றால் எந்தப் புருஷனுக்குத்தான் பிடிக்காது?

"முழிச்சிருக்கான்னு பாத்திருவோம்" என்றாள் அவள். தன் வீட்டுக் கம்பி ஒன்றை மண்ணில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் நட்டாள்.

கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்பியைச் சுற்றிக் குமிழி. குமிழிமேல் குமிழி. நுரைநுரையாகப் பொங்கியது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

"பார்த்தீர்களா!" சாமியார் துள்ளி எழுந்தார். "கோபம்! வெள்ளியின் கோபம்! மன்னிப்புக் கேளுங்கள்!"

ராயகிரி மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலைந்து பேர் சுண்ணாம்பு வாளியை நோக்கி விழுந்து கும்பிட்டார்கள். தில்லைநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று கட்டைச் செட்டின் கம்பி அல்லவா, கோபமும் மூன்று மடங்கு!

பிரம்மநாயகி அசையவில்லை. சிமிழை எடுத்து அதே வாளியில் போட்டாள். அது கல்லுப்போலக் கிடந்தது. "இது தூங்குது. சரி. ஏங்க, அந்தா கொட்டகை வாசல்ல கெடக்கிற டீக்கடைக் குவளையை எடுங்க."

தில்லைநாயகம் எடுத்துக் கொடுத்தார். நசுங்கின அலுமினியக் குவளை. ஏன் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் அதையும் மண்ணில் தேய்த்துச் சுண்ணாம்பில் இறக்கினாள்.

குவளையைச் சுற்றிக் குமிழி. குமிழிமேல் குமிழி. நுரைநுரையாக அதே பொங்கல்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, நம்ம டீக்கடைக் குவளையும் முழிச்சிருக்குடோய்!"

சிரிப்பு தீப்பிடித்த மாதிரி பரவியது. தில்லைநாயகம் சிரிக்கவில்லை. கம்பியைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சாமான்களை ஒப்பிட்டுப் பார்த்த மனிதர் அன்றுதான் முதல்முறையாக உருப்படியாக ஒப்பிட்டார். அலுமினிய டப்பியில் சுண்ணாம்பு வைத்தால் ஓட்டை விழும் என்று வெற்றிலை போடுகிற யாருக்குத்தான் தெரியாது? அதனால்தானே சுண்ணாம்புக் கையே படக்கூடாது என்றான்!

"ஏ சாமி," என்றார். "என் பிள்ளை கொலுசு எங்க?"

சாமியார் கோட்டைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கத் தட்டியைப் பிரித்தார். சங்கரநயினார் காவியைப் பிடித்தார். இத்தனை நாளும் சாமியார் பேசிய சுத்தத் தமிழ் அந்தக் கணமே பறந்துபோயிற்று.

"விடும்வே! கிழிச்சிராதியும்வே, உள்ள ஒண்ணும் உடுத்தலைவே!"

இமயமலையிலிருந்து வந்த சாமிக்குத் திருநெல்வேலிப் பேச்சு எவ்வளவு அழகாக வந்தது!

பலகைக்கு அடியில் தகரப் பெட்டி. பெட்டி நிறையக் கொலுசும் கும்பாவும் அரைஞாணும். ஒன்றும் உருகியிருக்கவில்லை. பாவம், எதற்கும் நீங்கவும் இல்லை. நாலு பேர் கையை ஓங்கினார்கள்.

"அடிக்காதிய!" பிரம்மநாயகி குறுக்கே நின்றாள். "போலீசுல ஒப்படைங்க. அதுக்கு முன்னால ஒரு வாய்த் தண்ணி குடுங்க. வெறுந் தண்ணியா குடுங்க, அவர் காய்ச்சினதைக் குடுத்திராதிய."

ஓரமாக நின்ற கிருபாபாய் ஓடிவந்தார். தில்லைநாயகம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "அப்ப அந்தப் பால் மாதிரி வந்தது என்னம்மா?" என்று கேட்டார்.

"விபூதிங்கிறது உப்பு, அண்ணாச்சி. உப்புத் தண்ணியில கரண்டு போனா அலுமினியம் கரைஞ்சு வெள்ளையா வரும். நெசமான வெள்ளியா இருந்தாலும், நம்மளா காய்ச்சிப் பிள்ளை கண்ணுல ஊத்தலாமா?"

தில்லைநாயகம் மகளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். "விடுங்க சிஸ்டரம்மா. மருந்தை விடுங்க. கண்ணு... கண்ணு தப்பிச்சிருமா?"

கிருபாபாய் இமையை மெல்ல விலக்கிப் பார்த்தார். ஆச்சரியமாகப் பிரம்மநாயகியை நிமிர்ந்து நோக்கினார். "நிறுத்தவே இல்லையாக்கா?"

"குப்பியைக் கையில குடுத்துட்டுப் போனீக. சும்மா வச்சிருக்கவா? இவுக தூங்குறப்ப விட்டேன்."

"புண்ணு ஆறுது, அண்ணாச்சி. பூ விழாது" என்றார் கிருபாபாய். தில்லைநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குழந்தை, துண்டைப் பிடித்திழுத்துப் பார்த்துச் சிரித்தது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நம் ஜனங்கள் முடிக்க விடுவார்களா? ஒரு பெரியவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பிரம்மநாயகி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சுண்ணாம்புத் தாயே! உன் கையால அந்தச் சுண்ணாம்பை எடுத்து என் முதுகுல பூசு. பத்து வருஷ வலி!"

அவருக்குப் பின்னால் அதற்குள் வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது. முதல் ஆளாக ராயகிரி மாமியார்.

பிரம்மநாயகி பதறிப்போய் வாளியைப் பின்னால் மறைத்தாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி! பூசினா வெந்துபோகும்! சாமி கும்பிடணுமா, கோயில் அந்தா தெறந்து கெடக்கு, காலுல விழுங்க, நானும் வாரேன். மனுசன் காலுல மட்டும் விழாதிய. விழுந்து கெடந்தா அவன் காலு மட்டுந்தான் தெரியும். எந்திரிச்சு நின்னு பாருங்க, கை என்ன செய்யுதுன்னு தெரியும்!"