நடுவர் அவர்களே!

சிறுவயது முதல் ஓர் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு, அந்த அணியைத் திட்டும் உரிமை உண்டு. (உண்டா, இல்லையா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் நானே பேசித் தருகிறேன்.) ஆனால், கையில் எதை வைத்துக்கொண்டு திட்டக் கூடாது என்பதை மட்டும் எந்த மேடையும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

வலங்கைமானை அடுத்த எங்கள் ஊரில், சம்பா அறுப்பு முடிந்ததும் வாய்க்காலோர வயலில் அரிதாளைச் செதுக்கிவிட்டுக் கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். அணிக்கு ஏழு பேர். எங்கள் ஏழு பேரில் என் அண்ணன் செந்தில் ஒருவன். அவன் கோல் போட்டால் நான் அடைமொழி போடுவேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசுகளை அள்ளியவன் என்பதால், வர்ணனை மைக் எனக்குப் பட்டா போட்ட நிலம்.

அந்த ஆண்டு இறுதிப் போட்டியன்று விழாக் குழுத் தலைவர் ஒரு வேனிலிருந்து ஏழு வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்கினார். அவர்களுடைய ஜெர்சியில் ஊரின் பெயர் இல்லை. வயல்களை வாங்கி மனை போட்டு விற்பவரின் பெயர் இருந்தது. அண்ணனின் கையில் சுண்ணாம்பு வாளியைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணன் ஆடலீங்களா?" என்று கேட்டேன்.

"கோப்பை வேணுமா, ஒங்கண்ணன் வேணுமா? போய் மைக்கப் புடிங்க தம்பி" என்றார் தலைவர்.

பிடித்தேன். "காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த கால்கள் இவை!" என்ற வரியை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன், விட மனமில்லாமல் முழங்கினேன். ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் என்னை நெருங்கி, மைக்கில் நன்றாக விழும்படி, "சேட்டா, இது ஏது ஸ்தலம்?" என்று மலையாளத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டார். எதிரூர்க் கூட்டம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வயல் கொக்குகள் பறந்தன.

ஆட்டம் முடியும் தறுவாயிலும் இரு பக்கமும் கோல் இல்லை. அண்ணன் அழிந்த கோட்டின்மேல் குனிந்து மறுபடி சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான். என் பொறுமை அங்கே முறிந்தது. என் சினம் எந்த மேடையிலும் இரண்டு சொற்களில்தான் தொடங்கும். கண்களை மூடினேன். (உணர்ச்சி மிகுந்தால் மூடிவிடுவேன், பாணி.)

"நடுவர் அவர்களே!"

தென்னை மரங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. பட்டிமன்றத்தில் நடுவர் புன்னகைப்பார். இந்த நடுவரோ பக்கத்து ஊர் உடற்கல்வி ஆசிரியர். ஏதோ விபரீதம் என்று பதறி, விசிலை ஊதிவிட்டார். அதே நொடியில் எங்கள் ஒன்பதாம் எண் அடித்த பந்து வலைக்குள் போனது. விசில் முந்திவிட்டதால் கோல் செல்லாது.

நான் இதை அறியேன். "இது ஊரின் அணியா? ஊரையே விலை பேசும் அணியா?" என்று முழங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, பதில் நாலாபுறமிருந்தும் ஓடி வந்துகொண்டிருந்தது.

என்னை அப்புறப்படுத்திய கையோடு ஆட்டம் தொடர்ந்தது. எதிரூர் ஒரு கோல் போட்டது. தோற்றோம்.

அண்ணன் என்னைத் தேடி வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்றே நினைத்தேன்.

"ஒன்ன எவன்டா பேசச் சொன்னான்?"

"ஒனக்காகத்தானே பேசுனேன்!"

"நான் ஆடாட்டி என்னடா? ஜெயிக்க வேண்டியது நம்ம ஊருல்ல!" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். என் மேடைச் சட்டையில் ஐந்து விரல் சுண்ணாம்பு.

தலைவர்மீது எனக்கு இருந்த கோபம் ஒரு பங்கு என்றால், தன்னைத் தூக்கி எறிந்த அணிக்கே கோடு போட்டுக் கொடுத்து, அதற்காகத் தம்பியையும் தள்ளிய அந்தப் பக்தியின்மீது பத்துப் பங்கு. அன்றோடு மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

அண்ணன் இன்றும் கோடு போடப் போகிறான். இந்த ஆண்டும் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியதும் அம்மா கேட்டார்: "நீ போவலையா?"

நான் நிமிர்ந்து அமர்ந்தேன். "அம்மா! அந்த அணிக்கும் எனக்கும்..."

கொல்லையில் வாளி கழுவிக்கொண்டிருந்த அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தை நான் இதுவரை முடித்ததே இல்லை.