தொளியில் இறங்கிய மாப்பிள்ளை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைக்கும், மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பிழைப்பானா என்பதைப் பற்றித்தான் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தங்கையைக் கட்டப்போகிற மாப்பிள்ளை. தாலி கட்ட ஒரு மணி நேரம்கூட இல்லை.

களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு 'சீமை டிராக்டர் வீடு' என்று பெயர். மலை எஸ்டேட் ஒன்றில் கழித்துப்போட்ட பழைய வெளிநாட்டு டிராக்டரை அப்பா ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். அதை ஓட்டியது அப்பா இல்லை, நானும் இல்லை. தங்கை பேச்சி. வாழைத் தோட்டத்து உழவானாலும் நடவுக்கு வயலைச் சேறாக்கித் தொளி கலக்குவதானாலும் அவள்தான். நான் பாளையங்கோட்டையில் செல்போன் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால், வீடியோவில் பார்த்ததை வைத்து அந்த டிராக்டர் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்குவேன். (ஆமாம், அவளுக்கேதான். நீங்கள் முறைப்பது தெரிகிறது.)

விளக்குவதற்கு அதில் விஷயமும் இருந்தது. சாதாரணமாகப் பழைய டிராக்டரில் உழுதுகொண்டே போகையில் இறுகலான மண் வந்தால், கிளட்சை மிதித்து, வண்டியை நிறுத்தி, கியரைக் குறைத்து, மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே குட்டியாக ஒரு லிவர் உண்டு. ஓட்டத்திலேயே, கிளட்சைத் தொடாமல், அதைக் கீழே தட்டினால் போதும். வேகம் குறையும், இழுவை கூடும். மண் இளகியதும் மேலே தட்டினால் பழைய வேகம். நடக்கிற மாட்டை நிறுத்தாமலே தண்ணி காட்டுகிற மாதிரி என்று வர்ணிப்பேன். பேச்சி ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்புக்கு டிராக்டர்தான் என்று கிளப்பிவிட்டதும் நான், ஓட்டுகிறேன் என்றதும் நான். மாப்பிள்ளை திருச்செந்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். தாயில்லாத பிள்ளை, அத்தை வளர்த்தது. அந்த அத்தை சரி என்றால்தான் அந்த வீட்டில் உலையே கொதிக்கும். வந்த இரண்டு சம்பந்தங்களை, காப்பியில் சீனி கூட என்றும் குறைவு என்றும் சொல்லித் தட்டிக் கழித்தவர். எங்கள் வீட்டுக் காப்பி எப்படியோ தப்பித்திருந்தது.

"பைய ஓட்டுவியாலே?" என்று கேட்டார் அத்தை.

"அதுக்குன்னே ஒரு லிவர் இருக்கு அத்தே," என்றேன்.

குளத்துக்கரை மேல் பிள்ளையார் கோவில். அங்கிருந்து நல்ல இறக்கம். இறக்கத்தின் அடியில் மண்டபம், ரோட்டுக்கு வலதுபக்கம் நடவுக்காகத் தொளி அடித்துப் போட்டிருந்த வயல். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மட்கார்டு மேல் உட்கார வைத்தோம். முன்னால் நையாண்டி மேளம், பின்னால் தாம்பாளங்களோடு பெண்கள். கிளம்பப்போகிற நேரம் மணமகள் அறையிலிருந்து பேச்சி போன் பண்ணினாள். "அண்ணே, எறக்கத்துல அந்தக் குட்டி லிவர் மேலயே இருக்கட்டும். கீழ தட்டிராத, கேட்டியா?"

கல்யாணப் பதற்றத்தில் தலைகீழாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இறக்கத்தில் கியரைக் குறை என்று எந்த மலை ரோட்டுப் போர்டைப் பார்த்தாலும் எழுதியிருக்கும். போர்டு பெரிதா, பேச்சி பெரிதா?

இறக்கத்தின் தலைப்பு வரை வண்டி தேர் மாதிரி வந்தது. அங்கே, மாப்பிள்ளை பார்க்கும்படியாக, ஒரே விரலால் லிவரைக் கீழே தட்டினேன்.

தட்டியதுதான் தாமதம், இஞ்சின் சத்தம் இறங்கிவிட்டது. பால் குடித்த பிள்ளை மாதிரி அமைதியாக முனகியது. வண்டி மட்டும் பறக்கிறது. சத்தம் குறையக் குறைய வேகம் கூடுகிற வண்டியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. த்ராட்டிலைக் குறைத்தேன். இஞ்சின் இன்னும் மரியாதையாக முனகியது, வேகம் குறையவில்லை. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் குதித்தார்கள். தவில்காரர் மட்டும் நடுரோட்டிலேயே ஓடினார், ஓடுகிற பதற்றத்தில் அடித்துக்கொண்டே ஓடினார், அதுவும் துரித காலத்தில். கடைசியில் அவரும் ஒதுங்கினார்.

பிரேக்கை மிதித்தேன். பழைய டிராக்டரில் பிரேக் இரண்டு, இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். (இதைப் பற்றியும் நான் பேச்சிக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.) கொக்கி போடவில்லை. என் கால் விழுந்தது வலது பிரேக்கில். வண்டி வலதுபக்கம் வெட்டி, வரப்பைத் தாண்டி, தொளிக்குள் இறங்கி நின்றது. நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு சொத்தென்று சேற்றுக்குள் விழுந்தார்.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை மெல்ல எழுந்து, முகத்தைத் துடைத்து, என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன்.

"மச்சான், வேகம் கூடும்போது இஞ்சின் ஏன் சத்தம் போடல?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வீடியோக்காரன் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குள் அத்தை வரப்புக்கு வந்துவிட்டார். சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மேல ஏறி வா. வந்த வேனைத் திருப்பச் சொல்லுதேன், ஊருக்குப் போவோம். பொண்ணு கட்ட வந்த எடத்துல புள்ளையப் பொதைக்கப் பாக்குதானுவோ."

வேன்காரர் சாவியை எடுத்தேவிட்டார். அப்போதுதான் மண்டபத்திலிருந்து பேச்சி வந்தாள். தலையில் பாதிதான் பூ வைத்திருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொளியில் இறங்கினாள். "எறங்குண்ணே," என்றாள், அவ்வளவுதான். இறங்கினேன். முழங்கால் வரை உள்ளே போனது.

அவள் மேலே ஏறி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை அதே கேள்வியை அவளிடம் கேட்டார்.

"சைக்கிள்ல எறக்கத்துல மிதிக்காம இருந்தா என்ன ஆகும்?" என்றாள் பேச்சி.

"பெடல் நிக்கும். சக்கரம் ஓடும்."

"இந்த லிவரைக் கீழ தட்டுனா அதே கததான். இஞ்சின் சக்கரத்தைத் தள்ளும். சக்கரம் இஞ்சினைத் தள்ள முடியாது. அப்பம் எறக்கத்துல வண்டியப் பிடிக்க ஆரு இருக்கா?"

"மேல இருந்தா?"

"ரெண்டையும் சேத்துக் கட்டிப்போட்ட மாதிரி. சக்கரம் ஓடப் பாத்தா இஞ்சின் விடாது. அதான் உழவுக்குக் கீழ, எறக்கத்துக்கு மேல."

அத்தை மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அதட்டினார். மாப்பிள்ளை சேற்றுக் கையை உயர்த்தினார். "அத்தே, ஒரு நிமிசம். இதைக் கேட்டுக்கிடுதேன்." பிறகு யாரையும் கேட்காமல் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்தார்.

பேச்சி கிளப்பினாள். பாதி வழியில் சக்கரம் திணறியது. ஓட்டத்திலேயே லிவரைக் கீழே தட்டினாள். வண்டி தம் பிடித்துச் சேற்றை அரைத்துக்கொண்டு ஏறியது. ரோட்டுக்கு வந்ததும் மேலே தட்டினாள். இஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மிச்ச இறக்கத்தில் எறும்பு மாதிரி போனார்கள். தவில்காரர் சுதாரித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். பெண்ணே மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்த கல்யாணம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சேற்றில் ஊன்றி நின்ற என் பக்கம் திரும்பினார். "ஏலே, இவ இருக்கையில ஒன்னைய யாருலே ஓட்டச் சொன்னா?"

எங்கள் அப்பா வரப்பிலிருந்து எழுந்தது அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான். வேன்காரர் சாவியைப் பைக்குள் போட்டார். முகூர்த்தம் தப்பவில்லை. மாப்பிள்ளை என் வேட்டியைக் கட்டிக்கொண்டு தாலி கட்டினார். நான் எதைக் கட்டிக்கொண்டு கல்யாணம் பார்த்தேன் என்பதை அடுத்தவர்கள் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், சலிக்காமல் சொல்வார்கள்.

அதற்கப்புறம் நான் ஓட்டுகிற எதிலும் அத்தை ஏறுவதில்லை. போன மாதம் பேச்சி மகளுக்குக் காது குத்த எல்லோரும் திருச்செந்தூரில் கூடியிருந்தோம். கோவிலுக்குப் போக நான் ஒரு ஆட்டோ பிடித்து வந்தேன். ஓட்டப்போவது ஆட்டோக்காரர்தான், நான் இல்லை. இருந்தும் அத்தை ஏறவில்லை. ஆட்டோவுக்குள் தலையை விட்டு, என்னைக் கைகாட்டி, அவரிடம் கேட்டார்.

"தம்பி, வார வழியில இவன் ஒனக்கு ஏதும் சொல்லித் தந்தானா?"

"இல்ல ஆச்சி."

"அப்பம் ஏறுதேன்."